பேட்டரி ரூம் வீட்டுக்குள் வந்துவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் அடுக்குமாடியில், எனக்கு இரண்டு மாடி கீழே, ‘டப்’பென்று ஒரு சத்தம். தீபாவளிப் பட்டாசில் மிச்சம் வைத்திருந்ததை யாரோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த வீட்டு அம்மா கத்துவது கேட்டது. நான் இறங்கிப் போனபோது பையன் சமையலறைக் குழாயடியில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா பற்பசையோடு ஓடி வந்தார். அதெல்லாம் வேண்டாம், தண்ணீரே போதும் என்று சொல்லி இருபது நிமிடம் அவனைக் குழாயடியிலேயே நிற்கவைத்தேன். கூடத்துத் தரையில், கரண்ட் போனால் கணினியைப் பேட்டரியில் ஓடவைக்கும் யு.பி.எஸ். பெட்டி மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். எடுத்துப் பார்த்தேன். நுனியில் ஒரு ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி காணாமல் போயிருந்தது. மிச்சமிருந்த இரும்பில் நீலமும் ஊதாவுமாக நிறம் ஏறியிருந்தது.

பையன் விவரம் தெரியாதவன் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். “சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆன்ட்டி கை வைத்தேன். கரண்டே இல்லை” என்றான். அவன் சொன்னதில் தப்பு அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் இருந்தது. பேட்டரி முனையில் இறுக்கமாக மாட்டியிருந்த கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறான். ஸ்க்ரூ டிரைவரின் இரும்புத் தண்டு இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டது. ஒரு செங்கல் அளவுகூட இல்லாத அந்தப் பேட்டரி, முனையோடு முனை சேர்ந்தால் ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் கக்கும். நம் வீட்டுச் சுவர் பிளக் மொத்தமாகத் தாங்குவதே 13 ஆம்பியர்.

இதைப் பற்றி எழுத இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். 103-ஐ அழைத்து யாருடைய தொலைபேசி எண்ணையாவது கேட்ட பினாங்கு வாசகர்களில் பலர் என் குரலைக் கேட்டிருப்பார்கள். தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 1987-இல் அது நிறுவனமாக மாறியபோதும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். என் கணவர் அதே இலாகாவில் டெக்னீஷியன். பல வருஷம் அவருக்கு தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் பொறுப்பு. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் கற்றுக்கொடுத்ததில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாதியை வைத்து எழுதுகிறேன்.

அந்த அறையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஜாடி ஜாடியாக 24 செல்கள். ஒவ்வொன்றும் 2 வோல்ட், வரிசையாகக் கோத்தால் 48 வோல்ட். உள்ளே ஈயத் தகடுகள் நிற்பது வெளியிலிருந்தே தெரியும். மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். தீக்குச்சி, சிகரெட் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஸ்பானர் பிடிகளுக்குக் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். உள்ளே போகுமுன் என் கணவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, காலியான புலித்தைலப் புட்டி ஒன்றில் போட்டு, லாக்கரில் வைத்துவிடுவார். அந்தப் புட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அவருடைய காக்கிச் சட்டைகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அமிலம் தெறித்தபோது ஒன்றும் தெரியாது. ஊறவைத்துக் கசக்கிக் கொடியில் போட்ட பிறகுதான் கடுகளவு கடுகளவாக ஓட்டைகள் தெரியும். கல்யாணமான புதிதில் கரப்பான் கடிக்கிறது என்று நினைத்து அலமாரி முழுக்க நாப்தலின் உருண்டை போட்டேன்.

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தீபகற்பம் முழுக்க மின்சாரம் போன நாள். தொடக்கம் எங்கேயோ திரெங்கானுவில், பாக்கா மின்நிலையத்துப் பக்கம். இருட்டியது பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை. ஆனால் வீட்டுத் தொலைபேசியை எடுத்தால் ‘ங்ங்’ என்று சத்தம் வந்தது. அதற்கான மின்சாரம் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து செப்புக் கம்பி வழியாக வந்தது. அன்று மாலை போன என் கணவர் மறுநாள்தான் வீட்டுக்கு வந்தார். ஊரே இருட்டாக இருந்தபோது அவருடைய ஜாடிகள் வேலை செய்தன என்று சாகும் வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் மோடமும் போகும், அதோடு தொலைபேசியும் போகும். அதனால்தான் பேரப்பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் கணினிக்கும் மோடத்துக்கும் என்று வீட்டுக்கு வீடு ஒரு யு.பி.எஸ். பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் தனி அறை கட்டி, விசிறி போட்டு, பயிற்சி கொடுத்த ஆளை வைத்துப் பார்த்துக்கொண்ட அந்த ஈய அமிலப் பேட்டரி, அளவில் சின்னதாகி நம் டிவி மேசைக்கு அடியில் வந்துவிட்டது. கூட வரவேண்டிய பழக்கவழக்கம்தான் வரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பெட்டி 1000 வி.ஏ. திறன் உள்ளது, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. அக்டோபர் மாத இடிமழையில் ஒரு நாள் விளக்கு போனதும் ஒரு முறை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. முன்பு இரண்டு மணி நேரம் மோடத்தைத் தாங்கிய பெட்டி, பத்து வினாடிகூட நிற்கவில்லை. இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதும் பேரன், “புதுசு வாங்கிடலாம் பாட்டி” என்றான். புதுப் பெட்டி முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். பேட்டரி ஒன்று அறுபது எழுபது வெள்ளி. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது.

பேட்டரி மூன்று நான்கு வருஷம் வரும் என்று கடையில் சொல்வார்கள். அது 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குச் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படுவது. நம் ஊரில் ஏர்கான் இல்லாத கூடம் சாதாரணமாகவே 30, 31. மூடிய அலமாரிக்குள் இன்னும் கூடும். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது நாலு வருஷம் உழைத்ததே பெரிய விஷயம்.

அது எங்கே இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாமி மேடைக்கு அடியில், கதவு வைத்த அலமாரிக்குள். மேலே காலையும் மாலையும் விளக்கு. பழசாகிச் சூடேறும் பேட்டரிக்குள் தொடர்ந்து மின்சாரத்தை ஏற்றினால் உள்ளேயிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். ‘சீல்’ பண்ணியது என்று பெயர் இருந்தாலும் ஒரு சின்ன வால்வு உண்டு. அழுத்தம் கூடினால் வாயு அதன் வழியாக வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். நல்ல பேட்டரி விடுவது மிகக் குறைவு, பயப்பட வேண்டியதில்லை. உப்பிப்போன பேட்டரி, மூடிய அலமாரி, மேலே எரியும் திரி மூன்றும் ஒரே இடத்தில் என்றால்? பேட்டரி ரூம்காரரின் மனைவி நான், நாலு வருஷம் இதைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லேசாக அழுகிய முட்டை வாடை வந்ததை, முந்தின நாள் சமையல் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாடை வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து, பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் கிட்டே போக வேண்டும்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த இளைஞனிடம், மாற்றும்போது எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று கேட்டேன். “தா பாயா தூத்துப் லா ஆன்ட்டி” என்றான், ஓடவிட்டபடியே மாற்றலாமாம். ஓடவிட்டபடி மாற்றுவதற்கென்றே செய்த பெட்டிகள் உண்டு, அதைக் கையேட்டில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் அப்படிச் செய்யக்கூடாது. பல சிறிய பெட்டிகளில் பேட்டரிச் சுற்று சுவர் மின்சாரத்திலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்காது. பிளக் மாட்டியிருக்கும்போது பேட்டரி முனையைத் தொட்டால் அது 24 வோல்ட் இல்லை, 230 வோல்ட்டாகவும் இருக்கலாம்.

அவன் கொடுத்த பேட்டரிகளையும் சொல்ல வேண்டும். என் கணவரின் பழைய வோல்ட் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அங்கேயே முனையில் வைத்துப் பார்த்தேன், 11.9 காட்டியது. சும்மா இருக்கும் புதுப் பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்தால் தானாகவே இறங்கிவிடும். இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. யாரும் பயன்படுத்தாத பொருள்தான், ஆனால் பழையது. அதோடு முனை நாக்கு ஒல்லியாக இருந்தது. இந்த அளவு பேட்டரியில் இரண்டு விதமான நாக்கு வரும், 4.75 மில்லிமீட்டர் ஒன்று, 6.35 மில்லிமீட்டர் ஒன்று. எங்கள் கிளிப் அகல நாக்குக்கானது. “பிளையரால் நசுக்கினால் நிற்கும்” என்றான். தளர்ந்த கிளிப் சூடாகும், சூடானால் உருகும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் இருந்த பெரியவர் மீட்டரைப் பார்த்ததும் அவரே உள்ளே போய்ப் புது அட்டைப்பெட்டியைப் பிரித்தார். தயாரித்த மாதத்தைக் காட்டினார். 12.8 வந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதம். பழையதில் ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டின கதைதான். சார்ஜ் ஏற்றும்போது கிழடு அளவுக்கு மீறி வாங்கி உப்பும், புதுசுக்கு நிறையாது.

வீட்டுக்கு வந்ததும் பேரனிடம் முதலில் அவனுடைய செப்புக் காப்பைக் கழற்றச் சொன்னேன். முனகினான். சோப்பு போட்டுக் கழற்றினோம். பெண்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வளையலைக் கழற்றலாம், தாலிக்கொடியை யார் கழற்றுவார்கள்? குனியும்போது அதுதான் முன்னால் தொங்கும். தங்கத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தும் பொருள் குறைவு. சட்டைக்குள் விட்டு, மேலே கழுத்து வரை மூடிய பருத்திச் சட்டையோ ஏப்ரனோ போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பேரனின் நீச்சல் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதற்குக் கோமாளிகள் மாதிரி இருந்தோம். அமிலம் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேரே மருத்துவமனை. அந்த வேலையை விடக் கோமாளி வேஷம் மேல்.

கணினியை மூடி, பெட்டியை அதன் பொத்தானால் அணைத்தோம். சுவர் சுவிட்சை அணைத்ததோடு விடாமல் பிளக்கையே பிடுங்கினோம். பெட்டியின் பின்னால் செருகியிருந்த எல்லாவற்றையும் எடுத்தோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொத்தானால் அணைக்காமல் பிளக்கை மட்டும் பிடுங்கினால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பெட்டி தன் வேலையைத் தொடங்கும், பின்னால் உள்ள துளைகளில் 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அது இறங்கட்டும் என்று பேரனை ஒரு மைலோ கலக்கி வரச் சொல்லிக் குடித்து முடித்தோம். பிறகு மேசையில் செய்தித்தாள் விரித்தேன். உங்கள் பத்திரிகைதான், மன்னிக்க வேண்டும். வேறு தாள் வீட்டில் இல்லை.

மூடியைக் கழற்றியதும் எதையும் தொடாமல் கைப்பேசியில் நான்கு படம் எடுத்தோம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். எங்களுடையதில் ஒரு பேட்டரியின் சிவப்புக்கும் அடுத்ததன் கறுப்புக்கும் குட்டையாக ஒரு கம்பி, மிச்ச இரண்டு முனையிலிருந்து பெட்டிக்கு இரண்டு கம்பி. அந்தக் குட்டைக் கம்பியைத்தான் பலர் தப்பான முனையில் மாட்டுகிறார்கள். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று சேர்த்தால் 24 வோல்ட் வராது. பெட்டிக்குப் போகும் இரண்டும் இடம் மாறினால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லை என்றால் போர்டும் போகும்.

கறுப்பை முதலில் கழற்றினோம். என் கணவர் இருந்தால் “ஒரு நேரத்தில் ஒரு கம்பி, ஒரு கை” என்பார். கழற்றிய கம்பி நுனிக்கு உடனே டேப், முனைக்கும் டேப், அப்புறம்தான் அடுத்தது. கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக்கூடாது. பிளாஸ்டிக் உறையைப் பிடித்து லேசாக இடம் வலமாக அசைத்து இழுத்தால் வரும். கம்பியைப் பிடித்து இழுத்தால் கிளிப் முனையில் நிற்கும், கம்பி கையோடு வரும்.

எங்களுக்குக் கம்பி வந்தது, பேட்டரி வரவில்லை. இரண்டும் உப்பி, தட்டின் இரண்டு பக்கத்தையும் நெட்டித் தள்ளி நின்றன. மேல்பக்கம் பணியாரம் மாதிரி எழும்பியிருந்தது. பேரன் சமையலறைக் கத்தியோடு வந்தான். அந்தக் கத்தி ஒரு முறை வழுக்கியிருந்தால் பேட்டரியின் உறை கிழிந்து உள்ளே இருக்கும் அமிலப் பஞ்சு கையில் பட்டிருக்கும். நிறுத்தச் சொல்லிவிட்டு, தட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணியையும் கழற்றித் தட்டையே தளர்த்தினோம். அரை மணி நேரம் ஆயிற்று, ஆனால் கிழியாமல் வந்தது. ஒரு முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீரில் ஆப்பசோடா கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து, பெட்டிக்குள் ஒரு சொட்டுகூட விழாமல் துடைத்தேன். நுரைத்தால் அங்கே அமிலம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். நுரைத்தது.

புதுசை மாட்டும்போது தலைகீழ் வரிசை. கடைசிக் கம்பியைத் தொடுவித்ததும் ‘சிட்’டென்று ஒரு சின்னப் பொறி வரும், கெப்பாசிட்டர் நிறைவதால். பேரன் நாற்காலியோடு பின்னால் போய்விட்டான். அது வழக்கமானதுதான், சமையல் வாயு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் மூடியை மாட்டிய பிறகே பிளக். ஒரு இராத்திரி முழுக்க எதையும் செருகாமல் சார்ஜ் ஏறவிட்டோம். காலையில் கணினிக்குப் பதில் ஒரு மேசை விளக்கைச் செருகி, சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. இப்போது பெட்டி சாமி மேடைக்கு அடியில் இல்லை. கூடத்து மூலையில், தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில், நான்கு பக்கமும் காற்றோட்டமாக இருக்கிறது. சோற்றுப் பானையையும் இஸ்திரிப் பெட்டியையும் அதில் செருகக்கூடாது என்று டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன், என் மகளுக்காக.

மருமகன் ஒரு யோசனை சொன்னார். கார் பேட்டரியை வெளியே வைத்து இணைத்துவிட்டால் ஒரு நாள் முழுக்க ஓடுமாம். ஓடும், எது முதலில் வேகும் என்பதுதான் கேள்வி. சின்னப் பெட்டியின் உள்பாகங்கள் பத்து இருபது நிமிடச் சூட்டைத் தாங்கும் கணக்கில் செய்தவை. அதன் சார்ஜருக்குக் கார் பேட்டரியை நிறைக்கும் பலமும் இல்லை. கார் பேட்டரி விடும் வாயுவைக் கூடத்துக்குள் வைத்துக்கொள்வதும் சரியில்லை. லித்தியம் போடலாமே என்று பேரன் கேட்டான். ஈய அமிலத்துக்கு அமைத்த சார்ஜரில் வேறு இனத்தை மாட்டக்கூடாது, பெட்டி செய்தவர்களே அனுமதித்திருந்தால் ஒழிய. அத்தோடு அந்தப் பேச்சை முடித்தேன்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதற்கு உண்மையான காரணம். பழைய பேட்டரி இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல், பெரும்பாலும் ஈயம். அன்றைக்குக் கையைச் சுட்டுக்கொண்ட பையன் தன்னுடையதை எங்கே போட்டான் என்று கேட்டேன். கீழே குப்பைத் தொட்டியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி. நான் போய்த் தேடி எடுத்தேன், முனைக்கு டேப்கூட இல்லை. அதே பையில் அலுமினியத் தாள் கசங்கிக் கிடந்தது. ஈய அமிலப் பேட்டரிக் கழிவு 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணோடு பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் கணக்கு எழுதி, உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். அடுக்குமாடியில் நாங்கள் மீன் செதிலோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறோம்.

கார் பேட்டரி மாற்றும் பட்டறைகள் பழைய பேட்டரியை எடைக்கு வாங்கிக்கொள்ளும். ஈயம் உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடியது, அவர்களுக்கு லாபம். இந்தச் சின்ன பேட்டரியை வாங்குவார்களா என்று பலருக்குச் சந்தேகம். முனைக்கு டேப் ஒட்டி, நிமிர்ந்தபடி ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து, என்னுடைய இரண்டையும் பையனுடையதையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் ஒன்றும் கேட்காமல் தராசில் வைத்தார். கிடைத்த காசில் நானும் பேரனும் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டோம், மிச்சமும் இருந்தது.

யு.பி.எஸ். விற்கும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டு. புது பேட்டரி விற்கும்போதே பழையதை வாங்கிக்கொள்ளுங்கள். கார் பேட்டரிக்குச் செய்வதை இதற்கும் செய்வதில் என்ன கஷ்டம்? இரண்டாவது, பெட்டிக்குள் வரும் தாளில் ஏழெட்டு மொழி இருக்கிறது, எங்கள் பெட்டியில் அரபு மொழிகூட இருந்தது, தமிழ் இல்லை. உற்பத்தியாளரைத் திருத்த என்னால் முடியாது. ஆனால் தமிழ் வாடிக்கையாளர் அதிகம் வரும் கடைகள் ஒரு அரைப் பக்கத் தாளைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்கலாம். பொத்தானால் அணை, பிளக்கைப் பிடுங்கு, நகையைக் கழற்று, கறுப்பை முதலில் எடு, பழசைக் குப்பையில் போடாதே. இவ்வளவு போதும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் 1996-ஐ வெட்டிவிடுங்கள், என் கணவர் கோபிக்கமாட்டார். குப்பைத் தொட்டி விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

கீழ்வீட்டுப் பையனின் விரல் ஆறிவிட்டது, நகம் மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அவன் பெட்டியில் ஃபியூஸ் போனதோடு தப்பியது. புது பேட்டரி வாங்கிவிட்டானாம். வருகிற சனிக்கிழமை மாற்றும்போது வந்து பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேட்டான். வருகிறேன், புது ஸ்க்ரூ டிரைவர் வாங்கினால் பிடியிலிருந்து நுனிக்குக் கொஞ்சம் முன்பு வரை டேப் சுற்றி வை என்று சொல்லியிருக்கிறேன். புலித்தைலப் புட்டியையும் கொண்டுபோகிறேன், அவனுக்கு இப்போதுதான் நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
ஜெலுத்தோங், பினாங்கு.